பதினேழாம் அத்தியாயத்து அடுப்பு

சங்கரன்கோவிலில் என்னைப் பத்திரம் எழுதுகிறவனாகத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கதை எழுதுகிறவனாகத் தெரிந்தவர்கள் முந்நூறு பேர். முந்நூறு என்று அடித்துச் சொல்வேன், ஏனென்றால் ஒரு தடவைக்கு அதற்குமேல் நான் அச்சடித்ததில்லை. எல்லாம் துப்பறியும் நாவல்கள். முதல் நாவலை இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பி, ஒன்றரை வருஷம் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லை. போங்கடா என்று நானே டி.டி.பி. கடையில் உட்கார்ந்து பக்கம் போட்டு, சிவகாசியில் அச்சடித்து, கட்டுகளை ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் அடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

விற்பதற்கு எனக்குப் பெரிய தந்திரம் ஒன்றும் தெரியாது. பத்திரம் பதிய வருகிறவர்கள் ரிஜிஸ்தர் ஆபீஸில் டோக்கன் போட்டுவிட்டு என் மேஜைக்கு முன்னால்தான் காத்துக் கிடப்பார்கள். கையில் வேலை இல்லாத மனிதன் எதையும் படிப்பான். மேஜை ஓரத்தில் இரண்டு புத்தகத்தை வைத்திருப்பேன். அட்டையில் கத்தி, ரத்தத் துளி, பயந்த ஒரு பெண்ணின் கண். முதல் அத்தியாயம் முடிவதற்குள் டோக்கன் நம்பர் வந்துவிடும். கதையைப் பாதியில் விட்டுப்போக மனசில்லாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த தடவை வரும்போது, "என்ன அண்ணாச்சி, இந்த மட்டம் யாரக் கொன்னிருக்கீரு?" என்று கேட்பார்கள். சிலர் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, கொலைகாரன் யாரென்று மற்றவர்களிடம் சத்தமாகச் சொல்லித் தொலைப்பார்கள். அவர்களைக் கொல்லலாம் போல இருக்கும்.

இதில் நான் ஒரு வேலை செய்வேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது. யாராவது புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "இதெல்லாம் நடந்ததா அண்ணாச்சி?" என்று கேட்டால், உடனே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பேன். குரலைத் தாழ்த்துவேன். "வெளிய சொல்லிராதேயும். நடந்ததுதான். பேரையும் ஊரையும் மாத்திருக்கேன்" என்பேன். அவ்வளவுதான், கேட்டவர் கண் விரிந்துவிடும், புத்தகம் பைக்குள் போய்விடும். நான்கு நாவலுக்கும் இதையே சொன்னேன். நான்கும் என் தலையில் பிறந்த கதைகள். ஊரில் ஒருவருக்கும் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை.

என் கதைகளுக்கு முதல் வாசகி என் அக்கா. எனக்கு நான்கு வயது மூத்தவள். எங்கள் அப்பா அம்மா போனபிறகு பிறந்த வீடு என்று அவளுக்கும், கூடப்பிறந்தவள் என்று எனக்கும் வேறு ஆள் கிடையாது. குருவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் கதையில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்ததே இல்லை. அச்சுக்குப் போகிறதுக்கு முன்னால் தாள்களை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போவேன். புளிக்குழம்பு வைத்துக்கொண்டே படிப்பாள். "ஏலே, செவ்வாக்கெழம செத்தவன் புதங்கெழம எப்படிலே போன் பேசுவான்?" என்று கரண்டியோடு வந்து நிற்பாள். நான் தலையைச் சொறிவேன். "நீயெல்லாம் பத்திரம் எழுதி, சனம் நிலத்த வாங்கி, நல்லா வெளங்கும்" என்பாள்.

ஐந்தாவது நாவலை மட்டும் அவளிடம் காட்டவில்லை.

அக்கா புருஷன், என் அத்தான், இறந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்துக் கிணற்றில், மோட்டார்க் குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வைச் சரிபண்ண இறங்கியவர், படி வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார். போலீஸ் வந்து பார்த்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்றைக்கு நான் ஒரு பத்திரத்துக்குக் கையெழுத்து வாங்கக் குருவிகுளத்தில் இருந்தேன். அத்தானின் தம்பிதான் போன் செய்தார். "மாப்ள, எங்களால முடியாது. நீயே போய் மதினிட்ட சொல்லிரு" என்றார். தோட்டம் ஊரைவிட்டுத் தூரம், அவளுக்கு இன்னும் தெரியாது.

போனேன். அடுக்களை வாசலில் நின்றேன். அக்கா கேஸ் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். துணியை எடுத்து அடுப்பு மேலே சிந்தியிருந்ததைத் துடைத்தாள். பால் பாத்திரத்தைத் தட்டு போட்டு மூடினாள். அதற்குப் பிறகுதான் திரும்பி, "எங்கன கெடக்காவ?" என்று கேட்டாள். கேட்டவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் அந்த நேரம் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அந்த அடுப்பு என் மண்டையைவிட்டுப் போகவே இல்லை. பதினோரு வருஷம் கூடவே வந்தது. புருஷன் செத்துப்போனான் என்று கேட்ட பெண் எதற்காக அடுப்பைத் துடைத்தாள்? அவள் மேல் எனக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது, சத்தியமாகக் கிடையாது. ஆனால் கதை எழுதுகிறவன் புத்தி நாய்ப்புத்தி. கிடைத்ததைக் கவ்விக்கொண்டு ஓடும். ஐந்தாவது நாவலில் ஒரு பண்ணையார் கிணற்றில் விழுந்து சாகிறார். விபத்து என்று எல்லாரும் சொல்கிறார்கள். பதினேழாம் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் வேலைக்காரியிடம் கேட்கிறார், சேதி சொன்னபோது அம்மா என்ன செய்தார்கள் என்று. அடுப்பை அணைத்தாள், துடைத்தாள், பாலை மூடினாள். "முன்னாலேயே தெரிந்தவளுக்குத்தான் அடுப்பு ஞாபகம் இருக்கும்" என்கிறார் இன்ஸ்பெக்டர். பண்ணையாரைத் தள்ளியது அவர் மனைவி.

ஊரை மாற்றினேன், வயதை மாற்றினேன், பண்ணையாருக்கு அரிசி ஆலை கொடுத்தேன். பத்திரத்தில் நான்கு எல்லையையும் பிசகாமல் எழுதிப் பழகிய கை, அடுப்பை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதிவிட்டது. என் மனைவி தாள்களைப் பார்த்துவிட்டு, "மதினிட்ட காட்டுனீங்களா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவளுக்கு இப்ப மகளுக்கு மாப்பிள்ள பாக்குற அலைச்சல், எங்க படிக்கப் போறா" என்றேன். பொய். அவள் படித்தால் என்னை அச்சடிக்க விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் புத்தகம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! முதல் தடவையாக இரண்டாம் அச்சுக்குச் சிவகாசிக்குப் போனேன். கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து போன் செய்து, "அந்த அடுப்பு எடம் இருக்குல்லா, மயிர்க்கூச்சமாப் போச்சு காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். யாரோ புண்ணியவான் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸப்பில் பரப்பியிருந்தான். திருட்டுத்தான் என்றாலும் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். ஐம்பத்திரண்டு வயதில் தலையில் கொம்பு முளைத்தது.

அக்கா மகளுக்கு அப்போது புளியங்குடியில் ஓரிடம் கூடி வந்திருந்தது. எலுமிச்சை வியாபாரம் செய்கிற குடும்பம். பையனும் தங்கமான பையன். இரண்டு பக்கமும் பிடித்துப்போய், பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா புருஷன் இல்லாமல் ஒற்றையாளாக வளர்த்த பிள்ளை. இந்தக் கல்யாணம் நடந்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! தாய்மாமன் நான் ஒருவன்தான். பிள்ளைக்குப் பட்டம் கட்டி, மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவன். பட்டுவேட்டி எடுத்து வைத்துவிட்டேன்.

அப்படி ஒரு மத்தியானம் வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் என் மேஜைக்கு வந்தார். முன்பின் பார்த்த முகம் இல்லை. பதிவுக்கு வந்தவர் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்காராமல், "அந்தக் கெணத்துக் கத நீங்க எழுதுனதா?" என்றார்.

"நாந்தான். உக்காருங்க அண்ணாச்சி."

"படிச்சேன். அந்தப் பொம்பள அடுப்ப அணைக்கால்லா, அது நடந்ததா?"

நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். குரலைத் தாழ்த்தினேன். "வெளிய சொல்லிராதீங்க. நடந்ததுதான். பேரையும் ஊரையும் மாத்திருக்கேன்" என்றேன். அதோடு விட்டேனா? மற்ற கதைகளுக்குச் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். அது உண்மை என்பதால் வாயில் தானாக வந்துவிட்டது. "இந்த ரெண்டு கண்ணால பாத்தது."

அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். "நீங்களே பாத்தீங்களா?"

"பின்ன?"

மேஜையில் இருந்த புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், 'அன்புடன்' என்று. கும்பிட்டுவிட்டுப் போனார். பக்கத்து மேஜைக்காரரிடம், "பாத்தீரா வே, வாசகர்னா இப்படி இருக்கணும், என்ன மரியாத!" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் அக்கா மகள் போன் செய்தாள். அழவில்லை. அழுது முடித்த குரல். "மாமா, புளியங்குடிக்காரங்க வேண்டாம்னுட்டாங்க."

"ஏன் மக்கா? என்ன குத்தம் கண்டாங்களாம்?"

"சித்தப்பா, இது எங்கம்மா கததான்னு சொல்லி, அவங்களுக்கு ஒங்க புஸ்தகத்தக் குடுத்திருக்காரு. அவங்க நம்பல. மாப்பிள்ளையோட பெரியப்பா நேர்ல வந்து ஒங்கள்ட்டயே கேட்டாராமே. நீங்களே பாத்ததா சொன்னீங்களாமே மாமா."

அந்தச் சித்தப்பா அத்தானின் தம்பிதான், அவருக்கும் அக்காவுக்கும் நிலம் பிரிப்பதில் நெடுநாள் மனத்தாங்கல். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் பகையில் சொல்கிறான் என்று ஊர் தள்ளியிருக்கும். கூடப்பிறந்தவனே எழுதியிருக்கிறான், கூடப்பிறந்தவனே கண்ணால் பார்த்தேன் என்கிறான். அதற்கு மேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்? என் அக்காவை நானே கொலைகாரியாக்கி, 'அன்புடன்' என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கே போனேன். அக்கா அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புத்தகம் கிடந்தது. படித்திருந்தாள். என்னைத் திட்டுவாள், கரண்டியைத் தூக்கி எறிவாள் என்று நினைத்துப் போனேன். அப்படிச் செய்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"நீ அன்னைக்கு வாசல்ல வந்து நின்னேல்லா, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல."

"சொன்னேன்க்கா. சொன்ன பொறவுதான நீ..."

"சொல்லல. ஒன் மூஞ்சியப் பாத்தேன். தோட்டத்துலேர்ந்து வழக்கமா வார போன் வராம, நீ வேல நாள்ல வந்து பேய் அறஞ்சவன் மாதிரி நிக்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் திரும்பி என்னன்னு கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா அவிய செத்துருவாவ. அதான் அடுப்ப அணைச்சேன். தொடச்சேன். பால மூடுனேன். இன்னும் என்ன வேல கெடக்குன்னு பாத்தேன், ஒண்ணும் இல்ல. அதுக்குப் பொறவுதான் கேட்டேன். அம்புட்டு நேரமும் அவிய எனக்கு உசுரோட இருந்தாவலே."

புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

"பதினோரு வருசம் ஒன் மனசுல இது கெடந்துருக்கு. ஏங்க்கா அடுப்பத் தொடச்சேன்னு ஒரு நாள் எங்கிட்ட கேக்கத் தோணலயா ஒனக்கு? கதையில வார போலீஸ்காரன் வேலக்காரிட்ட கூட கேக்கான். அந்தப் பொம்பளட்ட ஒருத்தனும் கேக்கல."

நான் சொன்னேனா, சொல்லவில்லையா? அன்றிலிருந்து இதைத்தான் தினமும் யோசிக்கிறேன். சொன்னேன் என்றுதான் ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தில் என் குரல் இல்லை. என்ன வார்த்தையில் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. பதினேழாம் அத்தியாயத்தை ஆறு தடவை திருத்தி எழுதினேன். எது பார்த்தது, எது எழுதியது என்று பிரிக்க இப்போது என்னால் முடியவில்லை. அவள் சொல்வதுதான் சரியாக இருக்கவேண்டும். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டவளைத்தான் முன்னாலேயே தெரிந்தவள் என்று எழுதிவிட்டேன். பாவி நான்.

புத்தகத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். பெரிய எழுத்தாளர்களுக்கு இந்த வசதி கிடையாது. எனக்கு வாங்கியவர்கள் அத்தனை பேரையும் தெரியும், வீடு தெரியும், பாதிப் பேருக்கு நிலத்தின் நான்கு எல்லையும் தெரியும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "அச்சுல தப்பு இருக்கு, வேற புஸ்தகம் தாரேன், அதக் குடுத்துருங்க" என்றேன். சிலர் கொடுத்தார்கள். சிலர் பரண்மேல் தேடவேண்டும் என்றார்கள். நான்காவது நாள் கோவில் தெருவில் ஒருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன வே, போலீஸ் கேஸ் ஆயிட்டா? அப்ப நடந்ததுதான் போல" என்றார். உள்ளே போய் மனைவியைக் கூப்பிட்டு, "ஏட்டி, அந்தக் கெணத்துக் கத நெசந்தானாம்" என்றார்.

அட கடவுளே. நாவலை விற்க நான் பட்ட பாட்டைவிட, அதைத் திரும்ப வாங்கும் பாடு அதற்கு நல்ல விளம்பரமாகிவிட்டது. வாங்கியவற்றைக் கட்டிப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். மேஜைக்கு வருகிறவர்களிடம், அது முழுக்க முழுக்கக் கற்பனை என்று சொல்லிப் பார்த்தேன். "புரியுது அண்ணாச்சி, புரியுது" என்று கண்ணைச் சிமிட்டினார்கள். இத்தனை வருஷம் அவர்களை அப்படிப் பழக்கியவன் நான்தானே. மேஜையில் புத்தகம் வைப்பதை விட்டேன். எழுதுவதையும் விட்டேன். அக்காவுக்குப் போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓயும். ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போயின.

அடுத்த ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஒரு வாரத்தில் அக்காவே போன் செய்தாள். மகளுக்கு இடம் அமைந்துவிட்டதாம். மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற இடத்தில் கூட வேலை பார்க்கிற பையன். பையன் வீட்டார் தூரத்து ஊர்க்காரர்கள், எதையும் விசாரிக்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக் கட்டுகிறார்கள். கல்யாணம் சங்கரன்கோவிலிலேயே. "நீ வந்துரு. தாய்மாமன் சீர் நீதான் கொண்டு வரணும். எல்லாம் நீதான் செய்யணும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சரிக்கா, சரிக்கா" என்றேன். மனைவியிடம் போய், "பேசிட்டா, எங்கக்கா பேசிட்டா" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னேன்.

சீர்த்தட்டுகளோடு மேளம் முன்னால் வர மண்டபத்துக்குள் நுழைந்தோம். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. என் வாசகர்களில் நூறு பேராவது அங்கே இருந்திருப்பார்கள். அத்தானின் தம்பி இரண்டாம் வரிசையில் இருந்தார். அக்கா வாசலுக்கே வந்து, எல்லாரும் பார்க்க, "வா தம்பி" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பிள்ளைக்கு நெற்றியில் பட்டம் கட்டினேன். முடிச்சு விழவில்லை, "மெதுவா கட்டுங்க மாமா" என்றாள் பிள்ளை. மாலை போட்டேன். கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போனேன். போட்டோக்காரன் சொன்னபோதெல்லாம் அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. கெட்ட கனவு ஒன்று முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்கு இறங்கியது. மணவறைக்குப் பின்னால் சாமான் வைக்கிற அறையில் அக்கா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. பக்கத்தில் போய், "அக்கா" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நீ வராட்டா, கூடப்பிறந்தவனே வரல, அப்ப அந்தக் கத நெசந்தான்னு சொல்லுவாங்க. பிள்ள தலையில அது விடியக்கூடாது. அதுக்குத்தான் கூப்பிட்டேன். எல்லாரும் பாத்துட்டாங்க. இனிமே நீ எங்க வீட்டுக்கு வராத."

"சரிக்கா" என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த பந்திக்கு யார் யார் உட்காரவில்லை என்று பார்க்க அவள் வெளியே போனாள்.